சிங்கத்தூண் பிறந்த கதை

பல்லாவரம் என்றால் வெள்ளிக்கிழமைச் சந்தை நினைவுக்கு வரும். தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானமும் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலும் நினைவுக்கு வரும். அந்த ஊர் மலைச்சரிவில் ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழைய குடைவரை ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. பின்சுவரில் ஐந்து அறைகள் இருப்பதால் பஞ்சபாண்டவர் குகை என்று பெயர் விழுந்தது. பின்னாளில் தர்காவாகி, இன்றும் மக்கள் வந்து வேண்டிக்கொள்ளும் இடமாக இருக்கிறது. தூண்களில் சுண்ணாம்பும் வண்ணமும் ஏறியிருக்கின்றன. தூண்களுக்கு மேலே ஓடும் உத்திரத்தில் மன்னனின் விருதுப் பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன.

நான் பேச விரும்புவது அந்தத் தூண்களைப் பற்றி. தடித்த, குட்டையான தூண்கள். கீழே சதுரம், மேலே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. அவ்வளவுதான். அங்கிருந்து தெற்கே மாமல்லபுரத்துக்குப் போனால், அதே பல்லவர் குடைவித்த வராக மண்டபத்தில் தூணின் அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. நிமிர்ந்து, பிடரி சிலிர்த்து, தலையில் தூணைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. இடையில் ஒன்றிரண்டு தலைமுறைதான் ஓடியிருக்கும் என்பது பலர் கணக்கு. அதற்குள் தமிழ்நாட்டுக் கட்டடக்கலையில் ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டது. கட்டடத்தின் உறுப்பாக மட்டும் இருந்த தூண் சிற்பமாகிவிட்டது. அது எப்படி நடந்தது என்று தேடினால் பல்லாவரத்தில்தான் தொடங்க வேண்டும், சிங்கம் வருவதற்கு முன் இருந்த தூண் அங்கே இருப்பதால்.

அந்தத் தூணின் வடிவம் கல்லில் பிறந்ததல்ல. தச்சன் வீட்டில் பிறந்தது. பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையில் நிற்கும் மரத்தூணைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மரத்தை அறுத்துச் சதுரமாக்கிய பிறகு தச்சன் நடுப்பகுதியின் நான்கு விளிம்புகளையும் இழைத்துச் சீவிவிடுவான். நான்கு முகம் எட்டு முகமாகும். விளிம்பு சிதறாது, போகிற வருகிறவர் தோளில் குத்தாது, கனமும் குறையும். ஆனால் கீழ் நுனியையும் மேல் நுனியையும் சீவ மாட்டான். கீழே அடிக்கல்லில் உட்கார்வதற்கும் மேலே போதிகையோடு பொருந்துவதற்கும் சதுரம் வேண்டும். இப்படித்தான் சதுரம், கட்டு, சதுரம் என்ற ஒழுங்கு உண்டாயிற்று. நடுவில் இருக்கும் எட்டுப்பட்டைப் பகுதிக்குக் கட்டு என்று பெயர்.

தூணுக்கு மேலே இருக்கும் போதிகையும் அப்படியே. உத்திரத்தைத் தூண் மட்டும் தாங்கினால் இடையில் உத்திரம் தொய்ந்துவிடும் என்பதால் தூணின் தலையில் இரு பக்கமும் நீளும் கட்டை ஒன்றை வைப்பார்கள். தாங்கும் இடம் அகலமாகும், இடைவெளி குறையும். மகேந்திரனின் குடைவரைகள் பலவற்றில் இந்தப் போதிகையின் அடிப்பக்கம் அலை அலையாக வளைந்து, நடுவில் ஒரு பட்டை ஓடுகிறது. தரங்கப் போதிகை என்பார்கள். கல்லில் வெட்டும்போது அந்த அலைக்கு எந்தத் தேவையும் இல்லை. மரத்தில் இருந்ததால் கல்லுக்கும் வந்தது.

மகேந்திரன் இதை அறியாமல் செய்தவன் அல்லன். செஞ்சி வட்டாரத்தில் மண்டகப்பட்டு என்ற ஊரில் அவன் குடைவித்த கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரம்மனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்று அது சொல்கிறது. விசித்திரசித்தன் அவனுடைய விருதுப் பெயர்களில் ஒன்று. கோயில் எடுப்பவன் என்று பொருள்படும் சேத்தகாரி என்பது இன்னொன்று. அந்தக் கல்வெட்டில் ஒரு புதுமைக்காரனின் பெருமிதம் தெரிகிறது. அதுவரை கோயில் என்றால் செங்கல்லும் மரமும்தான். மழையும் கறையானும் தின்றது போக அவற்றில் முழுதாக ஒன்றும் மிஞ்சவில்லை. அழியாத ஒன்றைச் செய்ய நினைத்தவன் அழிந்துபோகக்கூடிய ஒன்றின் உருவத்தையே பாறையில் வெட்டி வைத்தான். அதனால்தான் காணாமல் போன மரக்கோயில்களின் தச்சு வேலையை இன்று பல்லாவரத்துப் பாறையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது.

அது லேசான பாறையும் அல்ல. பரங்கிமலை முதல் பல்லாவரம் வரை கிடக்கும் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறையில் செய்யப்பட்டிருந்ததால், அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். உலகத்தில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அதற்கு மூல இடமாக நம் புறநகரைத்தான் சொல்வார்கள். பரங்கிமலையில் இருக்கும் அந்தப் பாறையை 1975-இல் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்தார்கள். மாமல்லபுரத்துப் பாறையும் இதே இனம். இந்தக் கல்லில் உளி வழுக்கும், முனை மழுங்கும், கை மரத்துப் போகும்.

எப்படிக் குடைந்தார்கள் என்பதை மாமல்லபுரத்தில் அரைகுறையாக விட்டுப்போன வேலைகள் சொல்கின்றன. பாறையின் முகத்தைச் சமன் செய்து, குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளக் கோடுகள் வெட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தட்டித் தெறிக்கவிட்டு ஒரு படலத்தை அகற்றியிருக்கிறார்கள். அப்புறம் மறுபடி கட்டம், மறுபடி தட்டல். தூண் வர வேண்டிய இடத்தில் மட்டும் கை வைக்காமல் பாறையை விட்டு வைத்தார்கள். உள்ளே போகப் போக அந்த மிச்சப்பாறை பருத்த சதுரமாக நிற்கும். கடைசியில் அதை இழைத்துத் தூணாக்குவார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். கட்டடத்தில் தூணை நிறுத்துகிறோம், அதன் மேல் உத்திரத்தை ஏற்றுகிறோம், அதன் மேல் கூரையைப் போடுகிறோம். குடைவரையில் கூரை முதலிலிருந்தே அங்கே இருக்கிறது. தூண் நிறுத்தப்பட்டதல்ல, மிச்சம் வைக்கப்பட்டது. உத்திரமும் போதிகையும் தூணும் தரையும் ஒரே கல். ஒன்றோடொன்று எதுவும் பொருத்தப்படவில்லை. மும்பைக்கு அருகே எலிபண்டா குகையில் பல தூண்கள் உடைந்து போயும் மேலே இருந்த பாறை விழாமல் நின்றிருக்கிறது. அப்படியானால் குடைவரையில் தூணின் முதல் வேலை சுமப்பது அல்ல, சுமப்பதைப் போலத் தெரிவது. பல்லாவரத்தில் ஒரு தெய்வ உருவம்கூட வெட்டாத தூண்களை வைத்துக்கொண்டே சொல்கிறேன், அது முழுக்க ஒரு சிற்பம். கட்டடத்தின் சிற்பம்.

கட்டடக்கலை வேறு, சிற்பக்கலை வேறு என்று மேல்நாட்டுக் கலை வரலாற்றுப் புத்தகங்கள் அத்தியாயம் பிரிக்கின்றன. நம் ஊரில் அந்தக் கோடு போடுவது கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பாறையில் வேலை செய்தவன் கொத்தனா, சிற்பியா? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே ஆள்.

ஆனாலும் மகேந்திரன் காலத்துச் சிற்பிகள் தூணில் துணிந்து கை வைக்கவில்லை. அவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. திருச்சி மலைக்கோட்டையில் லலிதாங்குர பல்லவேசுவரம் என்ற குடைவரையில் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனை வெட்டியவர்கள் அவர்கள்தான். அந்தக் கங்காதரர் இந்தியச் சிற்பத்தின் உச்சங்களில் ஒன்று. ஆனால் அது சுவரில் இருக்கிறது. மண்டகப்பட்டில் வாயிற்காவலர்கள் இரு பக்கச் சுவரில் நிற்கிறார்கள். தூண்களுக்குக் கிடைத்ததெல்லாம் சதுர முகத்தில் ஒரு தாமரைப் பதக்கம், அதுவும் சில கோயில்களில் மட்டும். உருவம் சுவருக்கு, ஒழுங்கு தூணுக்கு என்று ஒரு பங்கீடு இருந்தது போலிருக்கிறது.

அந்தப் பங்கீடு மாமல்லபுரத்தில் உடைந்தது. அங்கேயும் தருமராச மண்டபம், கோடிக்கால் மண்டபம் போன்ற இடங்களில் மகேந்திரன் பாணித் தூண்களே நிற்கின்றன. மகிஷமர்த்தினி மண்டபத்தில் நடு அறைக்கு முன்னால் இருக்கும் இரண்டு தூண்களில் சிங்கம் வந்துவிட்டது. வராக மண்டபத்தின் முகப்பிலும் வந்துவிட்டது. ஒற்றைக்கல் ரதங்களில் பீமரதமும் தருமராச ரதமும் சிங்கத்தூண்களோடு இருக்கின்றன. பீமரதத்தின் அடிப்பகுதி முடியாமல் கரடுமுரடாக நிற்க, மேலே வேலை முடிந்திருப்பதைப் பார்க்கலாம். மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வந்தவர்கள் சிங்கத்துக்கு வருவதற்குள் முழுத் தூணையும் மனத்தில் முடித்திருக்க வேண்டும்.

வராக மண்டபத்துச் சிங்கத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நாய் உட்காருவது போலப் பின்னங்கால்களை மடக்கி, முன்னங்கால்களை நேராக ஊன்றி உட்கார்ந்திருக்கிறது. மார்பு முன்னுக்குத் தள்ளியிருக்கிறது. பிடரி மயிர் சுருள் சுருளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தலைக்கு மேலே தூண் தொடங்குகிறது, பழைய தடித்த சதுரமாக அல்லாமல் ஒடுங்கி, பல பட்டைகளாக மேலே போகிறது. அதற்கு மேல் கலசம், தாடி, கும்பம், விரிந்த தாமரை, பலகை என்று ஒன்றன்மேல் ஒன்றாக உறுப்புகள். பழைய கீழ்ச் சதுரம் இருந்த இடத்தில்தான் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. மரத்தூணின் அடிச் சதுரத்துக்கு அடிக்கல்லில் பொருந்தும் வேலை இருந்தது. பாறையில் அந்த வேலை இல்லாமல் போனது. வேலை இல்லாத அந்தச் சதுரக் கல்லுக்குள் ஒரு சிற்பி சிங்கத்தைப் பார்த்தான். சிங்கத்தூண் பிறந்தது அப்படித்தான் என்பது என் துணிபு.

அந்தச் சிங்கம் ஏன் உட்கார்ந்திருக்கிறது, நிற்கவில்லை என்று யோசித்துப் பார்த்தால் சிற்பியின் மூளை புரியும். நிற்கும் சிங்கத்துக்கு நான்கு மெல்லிய கால்கள், அவற்றுக்கு நடுவே வெற்றிடம். கண்ணுக்கு அது தூணைத் தாங்காது. உட்கார்ந்த சிங்கத்துக்கு முன்னங்கால்கள் செங்குத்தாக இறங்குகின்றன, மார்பும் வயிறும் பின்தொடையும் சேர்ந்து ஒரே திரளாகின்றன. மேலேயிருந்து இறங்கும் கனம் தலை, கழுத்து, மார்பு, கால், தரை என்று ஒரே நேர்கோட்டில் போகிறது. இதில் ஆபத்தான இடம் கழுத்து. எந்த உயிருக்கும் கழுத்து ஒடுங்கியது, அங்கேதான் கல் முறியும். சிங்கத்தின் பிடரி அந்த ஒடுக்கத்தை நிரப்பிவிடுகிறது. யானைக்கோ காளைக்கோ இந்த வசதி இல்லை.

இதே சிக்கலை ஏதென்ஸ் நகரத்துச் சிற்பிகளும் சந்தித்தார்கள். அங்கே அக்ரோபொலிஸ் குன்றில் எரெக்தியம் என்ற கோயிலின் தாழ்வாரத்தைத் தூண்களுக்குப் பதில் ஆறு பெண்கள் தலையில் தாங்குகிறார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. அந்தப் பெண்களின் பின்னலைக் கனமாகக் கழுத்தோடு ஒட்டி இறங்கவிட்டிருக்கிறார்கள், கழுத்து முறியாமல் இருப்பதற்காக. இத்தாலியில் வெரோனா, மோதெனா நகரங்களின் தேவாலய வாசல்களில் சிங்கங்களின் முதுகில் தூண்கள் நிற்கின்றன. அவை பல்லவர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்டவை. யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கனத்தை உயிருள்ள ஒன்று சுமப்பதாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை மனிதருக்கு எங்கேயும் தோன்றியிருக்கிறது. நம் நாட்டிலேயே சாரநாத்தில் அசோகன் தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் நின்றன. அங்கே தூண் சிங்கத்தைச் சுமந்தது. பல்லவர் சிங்கத்தைத் தூணுக்கு அடியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

ஏன் சிங்கம்? பல்லவரின் இலச்சினை காளை. செப்பேடுகளின் முத்திரையிலும் காசுகளிலும் பெரும்பாலும் காளைதான் வருகிறது. ஆனால் பெயர்களைப் பாருங்கள். மகேந்திரனின் தகப்பன் சிம்மவிஷ்ணு. மகன் நரசிம்மவர்மன், மாமல்லன் என்ற பெயரோடு மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்தவனாகச் சொல்லப்படுபவன். தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் மணிமங்கலத்தில் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியோடு பொருதவனும் அவனே. அதற்குப் பின் இரண்டாம் நரசிம்மவர்மன், இராசசிம்மன் என்ற பட்டத்தோடு. தலைமுறைக்குத் தலைமுறை பெயரில் சிங்கம் இருந்த குடும்பம் இது. தூணைப் பிளந்துகொண்டு சிங்கமுகத்தோடு திருமால் வெளிப்பட்ட கதையை நம்மில் கேட்காதவர் உண்டா? தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்று இன்றும் சொல்கிறோம். சிற்பி அந்தக் கதையை நினைத்துத்தான் தூணில் சிங்கத்தை வைத்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நரசிம்மன் என்ற பெயருள்ள அரசனுக்காக வேலை செய்தவன் மனத்தில் அது ஓடாமல் இருந்திருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.

எந்த அரசன் காலத்தில் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் 1914-இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய தம் நூலை வெளியிட்டார். தூண், போதிகை, கூரை விளிம்பில் வரும் கூடு ஆகியவற்றின் வடிவம் மாறும் முறையை வைத்தே கோயிலின் காலத்தைச் சொல்லலாம் என்று காட்டியவர் அவர். மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, இராசசிம்மன் பாணி என்ற வரிசை அவர் வழியில் வந்தது. அதன்படி சிங்கத்தூண் ஏழாம் நூற்றாண்டின் நடுவில், மாமல்லன் காலத்துப் பிள்ளை. இரா. நாகசாமி 1962-இல் இதை மறுத்தார். கல்வெட்டுகளில் வரும் அத்யந்தகாமன் முதலிய பெயர்களை ஆராய்ந்து, மாமல்லபுரத்துப் படைப்புகள் அனைத்தும் இராசசிம்மன் செய்வித்தவை என்றார். அவர் சொன்னபடி பார்த்தால் சிங்கத்தூண் பிறந்தது இன்னும் அரை நூற்றாண்டு பிந்தி. கே.ஆர். சீனிவாசன் 1964-இல் பல்லவக் குடைவரைகளைப் பற்றி எழுதிய பெருநூல் படிப்படியான வளர்ச்சி என்ற பக்கம் நிற்கிறது. என் மனம் சீனிவாசன் பக்கம் சாய்கிறது. ஒரே அரசன் தருமராச மண்டபத்தின் மொட்டைத் தூணையும் வராக மண்டபத்தின் சிங்கத்தையும் ஒரே ஊரில் செய்யச் சொன்னான் என்பதை ஏற்க என்னால் முடியவில்லை. ஆனால் நாகசாமி எழுப்பிய கேள்வியைத் தாண்டிப் போகவும் முடியாது.

எப்படியானாலும் மாமல்லபுரத்துக் குடைவரைச் சிங்கம் சுமப்பதாகக் காட்டிய சிங்கம்தான். உண்மையிலேயே சுமக்க வேண்டிய நாள் காஞ்சிபுரத்தில் வந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் கைலாசநாதர் கோயிலைக் கற்களை அடுக்கிக் கட்டினான். பாறையைக் குடைபவன் அடுக்கிக் கட்டத் தொடங்கியதும் புதிய சிக்கல் வந்தது. கனம் தாங்கும் கல்லும் செதுக்க வசதியான கல்லும் ஒன்றல்ல. அவர்கள் கண்ட வழி எளிமையானது. அதிட்டானம் என்ற அடித்தளத்தின் அடி வரிசைக்கும் மேல் வரிசைக்கும் கருங்கல், மற்றதற்கு மணற்கல். பாரம் இறங்கும் இடத்தில் உறுதி, உருவம் வர வேண்டிய இடத்தில் மென்மை. கட்டடமும் சிற்பமும் தங்களுக்குள் கல்லைப் பங்கு போட்டுக்கொண்ட இடம் அது. அந்தக் கோயிலின் மூலைக்கு மூலை சிங்கங்கள் பின்னங்காலில் எழும்பி நிற்கின்றன. உட்கார்ந்திருந்தது எழுந்துவிட்டது. மணற்கல் என்பதால் மழையில் கரைந்து, பிற்காலச் சுதைப் பூச்சில் முகம் மாறி நிற்பவை பல. பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அடுத்து இரண்டாம் நந்திவர்மன் காலத்து வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் உள்சுற்றில் பல்லவ வம்ச வரலாறு சுவர் நெடுகச் சிற்பமாக ஓடுகிறது. அதற்கு முன்னால் வரிசையாகச் சிங்கத்தூண்கள். இங்கே ஒவ்வொரு தூணும் தனித்தனியாக வெட்டி நிறுத்தப்பட்டது. கூரைக் கற்களின் கனம் அந்தச் சிங்கத் தலைகள் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. பல்லாவரத்தில் சுமப்பது போலத் தெரிந்த தூண், மாமல்லபுரத்தில் சுமப்பது போல நடித்த சிங்கம், காஞ்சியில் மெய்யாகவே சுமந்தது. பிறந்து ஏறத்தாழ நூறாண்டுக்குள் ஒரு வடிவம் அடைந்த வளர்ச்சி இது.

பல்லவர் போனதும் தூணிலிருந்து சிங்கமும் போனது. சோழர்கள் வேறு மனம் உள்ளவர்கள். அதைப் பார்க்கத் தஞ்சாவூர் வரை போக வேண்டியதில்லை. விமான நிலையத்துக்கு எதிரே மலைகளுக்கு நடுவில் இருக்கும் திருசூலநாதர் கோயில் போதும். தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலும், மேற்கே சோமங்கலமும் மணிமங்கலமும் இருக்கின்றன. இந்த வட்டாரத்துச் சோழர் காலக் கோயில்களில் தூங்கானை மாட வடிவ விமானம் அடிக்கடி வருகிறது. பின்புறம் வளைந்து, படுத்த யானையின் பின்பக்கம் போல இருப்பது. தொண்டை மண்டலக் கோயில்களுக்கு அழகு தருவது அது. அவற்றில் சிற்பம் வெளிச்சுவரின் தேவகோட்டங்கள் என்ற மாடங்களுக்குள் போய்விட்டது. இரண்டு அரைத்தூண்கள், மேலே ஒரு தோரணம், நடுவே தட்சிணாமூர்த்தியோ பிரம்மாவோ துர்க்கையோ. கட்டடம் சட்டமிடுகிறது, சிற்பம் சட்டத்துக்குள் நிற்கிறது. இருவரும் மரியாதையான தூரத்தில் இருக்கிறார்கள். சிங்கத்தின் இனம் அழியவில்லை. பெரிய கோயில்களில் யாளி என்ற கற்பனை விலங்கின் வரிசையாக, யாளிவரியாகச் சுருங்கி, தளத்தின் விளிம்பில் வரிசையாகத் தலைகாட்டியது. அதுவும் மரவேலையிலிருந்து வந்தது என்பார்கள், தளத்துக்குப் போட்ட விட்டங்களின் நுனிகள் வெளியே தெரிவதுதான் யாளித் தலைகள் ஆயின என்று.

சோழர் கோயிலின் அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் தூண் வெறும் தூணாகப் போனதில் ஒரு இழப்பு உண்டு. அந்த இழப்பை ஈடுகட்ட வந்ததைப் போல விசயநகர காலத்தில் யாளித்தூண்கள் வந்தன. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபம், வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம் இரண்டையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரே கல்லில் பின்னால் சதுரக்கால், முன்னால் முன்னங்காலைத் தூக்கிப் பாயும் யாளியோ குதிரையோ, மேலே வீரன், கீழே வேட்டை விலங்கு. சுமையைப் பின்னால் இருக்கும் கால் பார்த்துக்கொள்கிறது. யாளிக்குக் கால் நீட்டவும் வாய் திறக்கவும் இடம் கிடைக்கிறது. சில யாளிகளின் வாய்க்குள் உருளும் கல்பந்துகூட உண்டு. பல்லவச் சிங்கம் தூணின் கீழே அடங்கி உட்கார்ந்தது, விசயநகர யாளி தூணை விட்டுத் தாவுகிறது. வேலைப்பாட்டில் யாளி பெரியது. உறுதியில், அமைதியில், கட்டடத்தோடு ஒன்றிப்போவதில் பல்லவச் சிங்கத்தைத்தான் மேலாகச் சொல்வேன்.

மாடம்பாக்கத்துக்குத் திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறது. கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தக் கோயிலில் கூடும் கூட்டம் தெரியும். நாலரை முதல் ஆறு வரை ராகு காலம், சரபேசுவரருக்கு வழிபாடு. அந்தச் சரபேசுவரர் கருவறையில் இல்லை, மண்டபத் தூணில் இருக்கிறார். இரணியனைக் கொன்ற பின்னும் சினம் தணியாத நரசிம்மரை அடக்கச் சிவன் எடுத்த வடிவம் சரபம். பறவையின் சிறகும் சிங்கத்தின் உடலும் கலந்தது, நரசிம்மரைத் தன் பிடியில் வைத்திருப்பது. தூணைப் பிளந்து வந்த சிங்கம் மறுபடி ஒரு தூணுக்குள் வந்திருக்கிறது. கூரையைத் தாங்க நிறுத்திய கல்லுக்கு எண்ணெயும் பாலும் சாத்தி, மாலை போட்டு, விளக்கேற்றுகிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம் அது. அந்தத் துறையின் பதிவேட்டுக்கு அது கட்டடத்தின் உறுப்பு, நெய்விளக்கோடு வந்து நிற்கும் அம்மாளுக்கு அது சாமி. சிற்பமும் கட்டடமும் தனித்தனி அல்ல என்பதைப் புத்தகம் படிக்காமலே தெரிந்துவைத்திருப்பவர்கள் இவர்கள்.

அங்கிருந்து வெளியே வந்தால் புறநகர்த் திருமண மண்டபங்களின் முகப்பிலும் யாளிகளைப் பார்க்கிறோம். உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட் கால் சுமையைத் தாங்குகிறது. அதன் மேல் அச்சில் வார்த்த சிமென்ட் யாளியை ஒட்டி வண்ணம் அடிக்கிறார்கள். யாளியைப் பெயர்த்து எடுத்தாலும் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. மாமல்லபுரத்துச் சிங்கமும் உண்மையில் சுமக்கவில்லை என்று முன்னால் சொன்னேன். ஆனால் அது தூணாகவே இருந்தது. அதைப் பெயர்த்தால் தூணின் அடி இருக்காது. ஒட்டி வைத்த யாளிக்கும் தூணுக்கும் அந்த உறவு இல்லை.

உறவு அறுந்துபோகாமல் காக்கும் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பட்ட அரசு சிற்பப் பள்ளி பின்னர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. பெயரிலேயே இரண்டும் சேர்ந்திருக்கின்றன. வை. கணபதி ஸ்தபதி அதை நீண்ட காலம் நடத்தினார். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை வடிவமைத்தவர் அவர். இடுப்பைச் சற்றே ஒசித்து நிற்கும் அத்தனை உயரமான கல்லுருவம் கடற்காற்றில் நிற்க வேண்டும் என்றால், அது சிற்பக் கணக்கா, கட்டடக் கணக்கா? உள்ளே வெற்றிடம் விட்டு, கல் விட்டங்கள் கொடுத்து, அடுக்கடுக்காக ஏற்றிக் கட்டினார்கள். ஸ்தபதி என்ற சொல் கோயில் கட்டுபவனையும் சிலை வடிப்பவனையும் ஒருசேரக் குறிப்பது வெறும் வழக்கு அல்ல, வேலையே அப்படி.

மாமல்லபுரத்துப் பட்டறைகளில் இன்று வெட்டும் இயந்திரம் வந்துவிட்டது. கல்லைச் சதுரிப்பதை இயந்திரம் செய்கிறது, முகமும் பிடரியும் உளிக்குத்தான். வேலை தொடங்கும் முன் கல்லின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவார்கள். பிரம்மசூத்திரம் என்று பெயர். சிலைக்குப் போட்டால் அது நெற்றியையும் மூக்கையும் மார்பையும் இரண்டாகப் பிரித்து இறங்கும். தூணுக்குப் போட்டால் பாரம் இறங்கும் கோடு அதுதான். சிங்கத்தூண் செய்பவருக்கு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். சிங்கத்தின் மூக்கு அரை அங்குலம் விலகினாலும் ஸ்தபதி நூலைப் பிடித்துக் காட்டிவிடுவார்.